ஏலக்காயை மோந்து பார்க்கச் சம்மதம்

எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் அறிவியல் கண்காட்சி என்று சொன்னால் என்னென்ன கண் முன்னால் வரும் என்று எனக்குத் தெரியும். புகை கக்கும் எரிமலை, பல்பு எரியும் அணைக்கட்டு, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு பையன். நாங்களும் அதைத்தான் பார்த்து வளர்ந்தோம். நான் ஒன்பதாவது படித்த வருஷம் மட்டும் எங்கள் போடிக்கு வேறு ஒன்று வந்தது. அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நேரில் கேட்டால் சொல்ல மாட்டேன். எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

வந்தது ஒரு சுற்றறிக்கை. உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து வெளிநாட்டில் நடக்கும் அறிவியல் போட்டி. முதலில் போடியில் தேர்வு, பிறகு மதுரை, பிறகு மெட்ராஸ், டில்லி, கடைசியில் விமானம். சயின்ஸ் டீச்சர் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து, இங்கிலீஷில் ஒரு வரி வாசித்துத் தமிழில் ஒரு வரி சொன்னார். உருட்டு மெஷினில் அச்சடித்த தாள். அந்த மை வாசம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், வாங்கினவுடன் எல்லோரும் மூக்கில் வைத்துப் பார்ப்போமே, அதுதான்.

தாளில் முக்கால்வாசி விதிகள். கண்காட்சிப் பலகை இத்தனை அகலத்துக்கு மேல் போகக்கூடாது. மாடல் செய்து கொண்டுவரக்கூடாது. ஒரு கேள்வி வேண்டும், அதற்குச் சோதனை வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம், ஆனால் பெரியவர்கள் யாரும் கை வைக்கக்கூடாது. மனுஷர்களை வைத்துச் சோதனை செய்தால் ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். கடைசி விதிதான் எனக்கு எமன். நடுவர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்பார். ஒருத்தி பதில் சொல்லும்போது மற்றவள் வாயைத் திறக்கக்கூடாது.

"டீச்சர், நாங்க ரெண்டு பேரும்" என்று என் பக்கத்தில் ஒரு கை மேலே போனது. அது என் அத்தை மகளின் கை. இன்னொரு கையால் அவள் பெஞ்சுக்கு அடியில் என் பாவாடையைப் பிடித்திருந்தாள், நான் எழுந்து ஓடிவிடக்கூடாது என்று.

அவளும் நானும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. அவள் வீட்டில் ரேடியோ நின்றுபோனால் அவளைப் பேசச் சொல்லலாம். அவள் இருக்கும் இடத்தில் நான் பேச வேண்டிய அவசியமே வராது. எனக்கு அது வசதியாக இருந்தது. அவளுக்கு அந்தப் போட்டியில் ஒரே ஒரு ஆசைதான், விமானம் இல்லை. மதுரைக்குப் போகும் பிள்ளைகளை ஒரு நாள் முழுக்கக் காலேஜ் லேபுக்குள் விடுவார்கள் என்று தாளில் போட்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள், பூட்டு போட்டு, மேலே ஒரு துணி மூடி. மூன்று வருஷமாக அவள் அந்தப் பீரோவைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

கேள்வி அவளுடையதுதான். அவள் அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, போடிமெட்டு தாண்டி ஒரு சின்ன ஏலத்தோட்டம் உண்டு. பச்சை மாறாமல் காய்ந்த காய் எல்லாம் விலைக்குப் போய்விடும். வெளுத்துப்போன காய் வீட்டுக்கு வரும். எங்கள் ஊரில் ஏலக்காய்க்கு நிறம்தான் எல்லாம். என் அம்மா ஒரு ஏலக்காய்க் குடோனுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கிட்டங்கிக்கு, காய் பொறுக்கப் போவாள். பச்சை ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். வெள்ளைக் காய் என்றாலே ஒரு இளக்காரம்.

"வெள்ளைக் காய்க்கு வாசம் இல்லன்னா, எங்கம்மா வைக்கிற பாயாசம் ஏன்டி தெரு முழுக்க மணக்குது?" என்றாள் அத்தை மகள்.

டீச்சர் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதுதான்டி கேள்வி. நெறத்துக்கும் வாசத்துக்கும் சம்பந்தம் உண்டா, இல்ல நம்ம கண்ணு ஏமாத்துதா? செய்ங்க. ஆனா நான் தொட மாட்டேன்." அன்றிலிருந்து எங்கள் சாமான் பக்கம் வரும்போதெல்லாம் டீச்சர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு நாள் அவர் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அப்போதும் கையை எடுக்காமல் தலையை ஆட்டியே விரட்டினார்.

மூன்று தட்டுக்கு மூன்று வகைக் காய் வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் தட்டுக்கு, தோட்டத்து ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்தில், புகைக்குழாய்ச் சூட்டில் காயவைத்த பச்சைக் காய். இரண்டாவது, வெயிலில் காயவைத்து வெளுத்த காய். மூன்றாவது, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்துவிட்டு ஸ்டோரில் காயவைத்தது. சோடாவில் நனைத்தால் பச்சை இன்னும் தூக்கலாக நிற்கும் என்பார்கள்.

எங்கள் அப்பா ஜீப் டிரைவர். விடியக்காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். ஒரு சனிக்கிழமை நாங்களும் ஏறிக்கொண்டோம். மேலே போகப்போக ஜீப்புக்குள் குளிர் ஏறி, மூக்கு நுனி சில்லிட்டு, அப்புறம் ஸ்டோருக்குள் நுழைந்ததும் அந்தச் சூடு. ஈரக்காயும் விறகுப்புகையும் கலந்த அந்த வாசத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது? கம்பி வலைத் தட்டுகளில் காயைப் பரப்பி அடுக்கடுக்காகச் சொருகி வைத்திருப்பார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் கேரளப் பக்கத்துக்காரர். நாங்களே காயைக் கழுவி, நாங்களே பரப்பி, அவரைக் கிட்டே விடாமல் நின்றதும் அவருக்கு ஒரே வேடிக்கை.

"எந்தா மோளே, நான் தொட்டா காய் கெட்டுப் போகுமோ?"

"காய் கெடாதுண்ணே, ரூல் கெட்டுப் போகும்" என்றாள் அத்தை மகள்.

அவரையாவது சொல்லிச் சமாளித்தோம். என் அம்மாவைச் சமாளிப்பதுதான் பாடு. வெயில் காய் எங்கள் வீட்டு முற்றத்தில் முறத்தில் காய்ந்தது. அம்மா அந்தப் பக்கம் குடத்தோடு போனாலும் சரி, விளக்குமாற்றோடு போனாலும் சரி, கை தானாக நீண்டு, பிளந்த காயையும் சொத்தைக் காயையும் பொறுக்கி வெளியே போட்டுவிடும். அவளுக்கே தெரியாது.

"அம்மா! தொடாத!"

"நான் எங்கடி தொட்டேன்?" என்பாள், விரல் இடுக்கில் இரண்டு காயை வைத்துக்கொண்டே. பொறுக்கின காயை வைத்துச் சோதித்தால் அது வேறு சோதனை ஆகிவிடும் என்று அத்தை மகள் ஒரு முழுப் பிரசங்கம் செய்தாள். கடைசியில் முறத்தை எடுத்துப்போய் அவர்கள் வீட்டு ஓட்டின் மேல் ஏற்றினோம்.

இதெல்லாம் சுலபம். சம்மதம் வாங்கியதுதான் பெரிய கூத்து.

சோதனை இதுதான். மூடிய டம்ளர் மூன்று, ஒவ்வொன்றிலும் தட்டிய ஏலக்காய். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்து, முகர்ந்து, எது வாசம் அதிகம் என்று சொல்ல வேண்டும். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, இடம் மாற்றி வைத்த டம்ளர்களை முகர்ந்து சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஏலக்காயை முகரச் சொன்னால் மாட்டேன் என்பவர் யார்? ஆளாளுக்கு வரிசையில் வந்து நின்றார்கள். சுற்றறிக்கையில் இருந்த மாதிரியைப் பார்த்து நாங்கள் எழுதிய சம்மதத் தாளை அத்தை மகள் நீட்டினாள். வரிசை கலைந்துபோனது.

"கையெழுத்தா?" என்றார் என் பெரியப்பா. "எதுக்கு?"

"சம்மதம்னு எழுதிக் குடுக்கணும் மாமா. வெளிநாட்டு ரூல்" என்றாள் அத்தை மகள்.

"வெளிநாட்டுக்காரனுக்கு நான் மூக்க உறிஞ்சுறதுக்கு எதுக்குத்தா எங்கையெழுத்து? ராத்திரி பகலா மோந்து பாக்கச் சொல்லு, பாக்குறேன். தாளக் கொண்டாராத."

அவரைக் குறை சொல்ல முடியாது. மலைக்காட்டில் வெறும் தாளில் கைநாட்டு வைத்துவிட்டு நிலம் போன கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. கையெழுத்து என்றால் எங்கள் ஆட்களுக்கு ஏதோ கைவிட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அக்கா, புருஷன் வராமல் போட மாட்டேன் என்றாள். புருஷன் வந்தார், ரெண்டு சாட்சி போட்டால் போடுகிறேன் என்றார். சாட்சிக்கு வந்தவர்கள், முதலில் அவர் போடட்டும் என்றார்கள். கடைசியில் வழி காட்டியது தெருமுனைத் தையல்காரர். தாளை வாங்கி முழுதாக வாசித்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்துத் தாளின் அடியில் தன் கைப்பட எழுதினார்: 'ஏலக்காயை மோந்து பார்க்கச் சம்மதம். வேறு எதற்கும் இல்லை.' அதற்குக் கீழே கையெழுத்து, அதற்கும் கீழே யாரும் ஒரு எழுத்தும் சேர்க்க முடியாதபடி கோடு.

"இப்பிடி எழுதுனா எவன் என்ன செஞ்சிற முடியும்?" என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் அந்த வரியையே எழுதிப் போட்டார்கள். பெரியப்பா மட்டும் இன்னும் ஒரு வரி சேர்த்தார்: 'வீடு, காடு இதில் அடக்கம் இல்லை.' தாள்களைப் பார்த்துவிட்டு டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

சம்மதம் கிடைத்த முதல் நாளே சோதனை பாழ். கண்ணைக் கட்ட அப்பாவின் துண்டை எடுத்திருந்தோம். முகர்ந்த எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"டீசல் வாசம்தாந்தா தூக்கலா இருக்கு."

மறுநாள் அம்மாவின் பழைய சேலையைத் துவைத்துக் கிழித்துக் கட்டினோம். டம்ளரை நீட்டும் வேலை எனக்கு வந்தது. அத்தை மகள் முகத்துக்குப் பவுடர் போடாமல் தெருவுக்கு வர மாட்டாள், அந்த வாசம் கலந்துவிடும் என்று அவளே விலகிக்கொண்டாள். எனக்குப் பிடித்த வேலை அது. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எதிரில் நிற்க எனக்குக் கூச்சமே இல்லை. நெற்றியைச் சுருக்கி, மூக்கை விடைத்துக்கொண்டு, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் குழந்தைப் பிள்ளை மாதிரி இருப்பார்கள். அப்படி நான் அதற்கு முன்னும் பின்னும் யாரையும் உற்றுப் பார்த்ததில்லை.

முடிவு என்ன தெரியுமா? கண் திறந்திருந்தபோது ஒருவர்கூட வெள்ளைக் காயைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சோடாப் பச்சைதான் வாசம். கண்ணைக் கட்டியதும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெள்ளைக் காய் டம்ளரில் மூக்கை வைத்து, "இதுதாந்தா காய்!" என்றார்கள். கட்டை அவிழ்த்துக் காட்டினால் நம்ப மாட்டார்கள். "மாத்தி வச்சிட்டீகடி, களவாணிச் சிறுக்கிகளா" என்று பெரியப்பா சண்டைக்கு வந்தார்.

அப்புறம் பலகை எழுதினோம். கண்காட்சிக்கு மூன்று தட்டிலும் முழுக் காயை வைக்க வேண்டும். நடுவருக்கும் கண்ணைக் கட்டி, அவர் முன்னாலேயே தட்டி, முகரக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் ஆட்டத்தின் உயிர். சோடாக் காய் ஒரே ஒரு தடவைதான் போட்டோம். மிச்சம் இருந்ததெல்லாம் அந்தத் தட்டுக்குத்தான் வந்தது.

மற்றபடி அந்த மாதம் முழுக்க எனக்குப் பேச்சுப் பயிற்சி. அத்தை மகள் மாமாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவராக உட்காருவாள்.

"சொல்லும்மா, ஒண்ணாம் தட்டுல என்ன?"

நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிடுவேன்.

"சிரிக்காதடி! மதுரையில போயிச் சிரிச்சா வெரட்டி விட்ருவாக. நான் எவ்வளவு நல்லாச் சொன்னாலும் நீ வாயத் தெறக்காட்டி ரெண்டு பேருக்கும் சைபர். புரியுதா? எனக்கு அந்த லேப் வேணும்டி."

புரிந்தது. அதனால்தான் ராப்பகலாக உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒண்ணாம் தட்டில் ஸ்டோரில் காய்ந்த பச்சைக் காய் சார். ரெண்டாம் தட்டில் வெயிலில் காய்ந்த காய் சார். மூணாம் தட்டில் சோடாவில் நனைத்த காய் சார். தண்ணீர் எடுக்கப் போகும்போதும் சொல்லிக்கொண்டே போவேன். எதிரில் வந்தவர்கள் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்திருப்பார்கள்.

தேர்வு, பையன்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. மதுரையிலிருந்து ஒரு புரொபசர் வந்திருந்தார். உள்ளூர் சார்பில் ஒரு நடுவர் வேண்டும் என்று கிட்டங்கி முதலாளியைப் போட்டிருந்தார்கள். அம்மா காய் பொறுக்கப் போனது அவர் கிட்டங்கிக்குத்தான். நல்ல மனுஷர். பொறுக்கும் பெண்களுக்கு அவரே டீ வாங்கி வந்து கொடுப்பாராம். ஏலக்காயைக் கண்ணால் பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். "முதலாளி கேட்டா மரியாதையாப் பதில் சொல்லு, தரையைப் பாக்காத" என்று அம்மா என் தலையில் இரண்டு தடவை எண்ணெய் வைத்து வாரிவிட்டாள்.

எங்களுக்குப் பக்கத்து மேஜையில் பையன்கள் பள்ளிக்கூடத்து அணைக்கட்டு. நிஜத் தண்ணீர் ஓடியது, சக்கரம் சுற்றியது, பல்பு எரிந்தது. விதிப்படி மாடல் கூடாது. ஆனால் தண்ணீர் ஓடுகிறதே, எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

முதலில் எங்கள் மேஜைக்கு வந்தது முதலாளி. கூடவே தலைமையாசிரியர், கையில் சுற்றறிக்கை. "ஐயா, சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு" என்று இழுத்தார்.

"ஏலக்காய் சாப்பாடா? யாரு சொன்னா? இது சரக்கு" என்று முதலாளி ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார். அத்தை மகள் என் கையைக் கிள்ளினாள். ஒரு கண்டம் தாண்டிவிட்டோம்.

அடுத்து நடந்ததை, ஏலக்காயை ஏலம் விடும் கூடத்துக்குள் போயிருப்பவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காயைச் சுற்றில் விடுவார்கள். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றைக் கடித்து, மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டுவார். ஏலம் முடிந்த கூடத்தில் காய் மேல்தான் நடக்க வேண்டும். முதலாளிக்கு நாற்பது வருஷத்துப் பழக்கம்.

அத்தை மகள், "வணக்கம் ஐயா, எங்க கேள்வி என்னன்னா" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் முதல் தட்டை அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்தார். பார்த்தார். ஒன்றைக் கடித்தார். "ம்." மிச்சம் தரையில். மூன்றாம் தட்டு. பார்த்தார். "அடடே, கலரு!" அதுவும் தரையில். இரண்டாம் தட்டை, வெள்ளைக் காயை, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பலகையில் எழுதியிருந்ததை அவர் வாசிக்காமலேயே செய்து காட்டினார்.

பச்சையும் பச்சையும் சிமெண்ட்டுத் தரையில் உருண்டு கலந்தன. அத்தை மகள் காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்ட, "ஐயா, அது... ரெண்டும் வேற வேற ஐயா" என்றாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், முகம் செத்துப்போய்விட்டது. "ஐயையோ! அழுகாதத்தா! பழக்கதோசம்த்தா!" என்று வேட்டியை மடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போடியிலேயே பெரிய கிட்டங்கிக்காரர், மேஜைக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து காய் பொறுக்கினார். பொறுக்கப் பொறுக்க இரண்டு தட்டிலும் பிரித்துப் போட்டார். அந்தக் கை என் அம்மாவின் கையைவிட வேகமாகப் போனது. இது ஸ்டோர் பச்சை, இது சோடாப் பச்சை, இது இங்கே, இது அங்கே.

"இந்தா பாரு. ஒரு காய் மாறியிருக்காது. எங்கண்ணு மேல சத்தியம்" என்று தட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தலைமையாசிரியரோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

"சரியாப் போச்சு" என்று அத்தை மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரியாப் போச்சுடி. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத."

நான் தட்டுகளைப் பார்த்தேன். ஹாலில் டியூப்லைட் வெளிச்சம். ஒன்றில் பச்சை, இன்னொன்றில் பச்சை.

புரொபசர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா. விதித் தாள் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. முதலில் அத்தை மகளைக் கேட்டார். அவள் அன்று பேசியது போல ஒருத்தி பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா சண்டை போட்டதைக்கூடச் சொன்னாள், புரொபசரே சிரித்துவிட்டார். சம்மதத் தாள்களைப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எங்களைப் பிடித்துவிட்டது அவருக்கு, நன்றாகவே தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதேம்மா. சுலபமான கேள்விதான். இந்த ஒண்ணாம் தட்டில் இருப்பது எது? மூணாம் தட்டில் இருப்பது எது?"

மாதம் முழுக்கச் சொன்னது. நாக்கு நுனியில் நிற்கிறது. நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் ஒட்டியிருந்த நம்பர் நாங்கள் ஒட்டியது. உள்ளே இருந்த காய் முதலாளி போட்டது. அவர் கண் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கண் ஏமாற்றும் என்றுதானே இத்தனை பேர் கண்ணைக் கட்டினோம்?

"தெரியாது சார்" என்றேன்.

"உங்க ப்ராஜெக்ட்தானே?"

"ஆமா சார்."

"எதுல என்ன இருக்குன்னு தெரியாதா?"

"தெரியாது சார்."

"சார், அது வந்து..." என்று அத்தை மகள் பாய்ந்தாள். புரொபசர் கையை உயர்த்தினார். "நீ பேசக்கூடாதும்மா. விதி." அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருந்தது உண்மை, அதைச் சொல்ல வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "வேலையெல்லாம் ஒருத்தியே செஞ்சிருக்கா போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார்.

இப்போது நினைத்தால் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், ஏன் தெரியாது என்று. அதற்கு நான் பதில் சொல்லியிருப்பேன் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் ஊமைப் பெண் ஒருத்தியைப் பார்த்தார். நானும் அப்படித்தான் நின்றேன்.

அணைக்கட்டு ஜெயித்தது. முதலாளி அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார், எங்களுக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தார். தட்டைக் கவிழ்த்த குற்ற உணர்ச்சி. புரொபசர் அணைக்கட்டுக்கு, மாடல் என்று, குறைத்துத்தான் போட்டிருந்தார்; எனக்குப் போட்டது எங்களை அதற்கும் கீழே இழுத்துவிட்டது. அணைக்கட்டு மதுரைக்குப் போய், மாடல் ஏற்பதில்லை என்று வாசலோடு திரும்பியது. பையன்கள் மீனாட்சி கோயிலைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்தபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. "உம்மக எங்கண்ணு மேலயே சந்தேகப்பட்டுட்டாளேத்தா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா பயந்துபோய் வந்து என்னைத் திட்டினாள். ஆனால் அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார் போல. அப்புறம் வருஷக்கணக்காக, கிட்டங்கியில் இரண்டு பேருக்குள் காய் விஷயத்தில் தகராறு வந்தால், "அந்தப் புள்ளையக் கூப்பிடு, அது சொல்லும், தெரியாதுன்னு" என்பாராம்.

அத்தை மகள் என்னோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். எனக்கு வேறு யாரோடும் பேசிப் பழக்கமில்லை, அதனால் அந்த நாட்களில் நான் யாரோடும் பேசவில்லை. அவள் இப்போதெல்லாம் மைக்ரோஸ்கோப் பீரோவை நின்று பார்க்காமல் கடந்து போவதையும் கவனித்தேன். அது எனக்கு அவள் பேசாததைவிடக் கஷ்டமாக இருந்தது. அவளிடம் போய்ச் சொல்லலாம் என்று பல தடவை எழுந்து, பல தடவை உட்கார்ந்தேன்.

கண்காட்சி மேஜையில் பார்வைக்கு வைக்க இரவல் வாங்கியிருந்த கம்பி வலைத் தட்டுகளை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜீப்பில் இருவரையும் ஏற்றினார். உள்ளே தோட்டத்துக்குப் போகும் பெண்கள், தூக்குச்சட்டி, கம்பளி. இடமில்லாமல் அவள் எதிர் சீட்டில் என் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். முகத்தை வெளிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜீப் வளைவுகளில் ஏற ஆரம்பித்தது. கீழே போடி சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஏதோ ஒரு வளைவில், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு பிரிச்சது தப்பாவாடி இருந்துச்சு?"

"தெரியாது."

"அப்ப சரியாத்தான் இருந்துச்சா?"

"தெரியாதுடி."

ஜீப் கியர் மாறி முனகியது.

"நான் அந்தத் தட்ட வீட்டுக்குக் கொண்டு போயிப் பாத்தேன்" என்றாள். "வெயில்ல வச்சுப் பாத்தேன். வெளக்கு வெளிச்சத்துல பாத்தேன். ஒவ்வொண்ணா மோந்து பாத்தேன். ஒரு வாரமா பாக்குறேன். எங்கப்பாகிட்டக் காட்டுனேன், அவரு ஒண்ணு சொல்றாரு. அம்மா இன்னொண்ணு சொல்லுது." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "ஒரு எழவும் தெரியலடி எனக்கு."

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது வந்த அதே சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கும் உதடு துடித்தது. அப்புறம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வலைத் தட்டுகள் மடியில் கிடந்து சலசலத்தன.

"என்னங்கடி அப்பிடிச் சிரிப்பு?" என்றாள் பக்கத்திலிருந்த அக்கா. "எங்களுக்குந்தான் சொல்லுங்களேன்."

வழக்கமாக அத்தை மகள்தான் பதில் சொல்வாள். அன்று நான் சொன்னேன். ஜீப் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லக்கா. எங்க ரெண்டு பேருக்குமே தெரியல."

"என்னடி தெரியல?" என்றாள் அந்த அக்கா. அதற்குள் ஜீப்பில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள், எதற்கென்று தெரியாமலேயே.